பாக்கெட்டோட பின்பக்கம்

இல்ல ஆன்ட்டி, அடுப்ப நான் ஏத்தல. நீங்களே ஏத்துங்க. இல்லன்னா கொஞ்சம் கழிச்சுப் பால் காய்ச்சலாமே. ஸ்ம்ருதி சர்க்கரை வாங்கிட்டு வர இன்னும் அரை மணி ஆகும். சனிக்கிழமை அந்த இண்டியன் ஸ்டோர்ல பார்க்கிங் கிடைக்கவே பத்து நிமிஷம். அதுக்குள்ள ஒரு கதை சொல்லிடறேன், உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஆடும். இப்படி, உங்க பொண்ணு பெட்டி மேலயே உக்காருங்க. உள்ள புக்ஸ்தான், தாங்கும்.

கதையேதான். எங்க வீட்ல யாரும் எதையும் நேரா சொல்ல மாட்டாங்க. எங்க நன்னா, அதான் அம்மாவோட அப்பா, எனக்குப் பல்லு புடுங்கணும்னாகூட ராஜாவுக்குப் பல்வலி வந்த கதையிலதான் ஆரம்பிப்பாரு. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கிச்சு. நீங்க கேட்டு முடிச்சப்புறம் ஸ்ம்ருதியோட இந்தப் பெட்டியெல்லாம் என் வீட்லயே இருக்கலாமா, வண்டியில திரும்ப ஏத்தணுமான்னு முடிவு பண்ணுங்க. சும்மா சொல்லல ஆன்ட்டி.

ஒரு ஊராம். அந்த ஊர்ல ஒரு ஏரியாம். ஏரிக்கரையில ரெண்டு பொண்ணுங்களாம். ரெண்டு பேர் கையிலயும் நீளமா ஒரு குச்சியாம், குச்சி முனையில ஒண்ணுமே இல்லியாம்.

ஆமா, ஸ்ம்ருதியும் நானும்தான். நாலு வருஷம் ஆச்சு. எங்க ஆபீஸ் பிக்னிக். எல்லாரும் நெருப்பச் சுத்தி நின்னு மார்ஷ்மெல்லோ சுட்டுச் சாப்பிடறாங்க. நான் புதுசா வேலைக்குச் சேந்தவ, யாரையும் தெரியாது. பையத் திருப்பிப் பின்னாடி படிச்சேன். ஜெலட்டின்னு போட்டிருந்துச்சு, எந்த மிருகத்தோட எலும்புலேர்ந்து எடுத்ததுன்னு போடல. மெதுவா வெச்சுட்டேன். பக்கத்துல இருந்து ஒரு கை வந்து அதே பைய எடுத்து, அதே மாதிரி திருப்பி, அதே எடத்துல படிச்சுது. எனக்குப் பன்னியா இருக்குமோன்னு பயம், அவளுக்கு எதுவா இருந்தாலும் பயம். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். அவதான் முதல்ல சிரிச்சா. அப்புறம் அரை மணி நேரம் வெறும் குச்சிய நெருப்புல காட்டிக்கிட்டு நின்னோம். என் வாழ்க்கையிலயே அவ்ளோ சந்தோஷமா நான் எதையும் சாப்பிட்டதில்ல. ஒண்ணும் சாப்பிடல, அது வேற.

என் வேலை உங்களுக்குத் தெரியும்ல? மாத்திரை டப்பா மேல ஒட்டற லேபிள், உள்ள மடிச்சு வைக்கற பேப்பர், அதுல ஒரு புள்ளி தப்பா இருந்தாலும் கண்டுபிடிக்கணும். அதனால வியாழக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனா அவ கார்ட் தள்ளுவா, நான் படிப்பேன். சீஸ்ல என்ன இருக்கு, தயிர்ல என்ன கலந்திருக்கு, பிஸ்கட்ல எந்தக் கொழுப்பு. எனக்கு ஒண்ணு தேடணும், அவளுக்கு ஒண்ணு தேடணும், ஒரே பாக்கெட்ல ரெண்டையும் தேடிடுவேன். அவ எடுத்து நீட்டுவா. இஸ் திஸ் ஓகே, ஹஃப்சா? அவ்ளோதான் கேப்பா. தமிழ் புரிஞ்சாலும் இங்கிலீஷ்லதான கேப்பா அவ. அந்தக் கேள்விக்கு நான் திங்கக்கிழமையிலேர்ந்து காத்துக்கிட்டிருப்பேன் ஆன்ட்டி. நான் மெதுவா பேசறவ, மீட்டிங்ல வாயத் தொறந்தா யாருக்கும் கேக்காது. ஆனா அந்தக் கடையில, அந்த வரிசையில, நான் ஓகேன்னு சொன்னாத்தான் ஒரு பொருள் கார்ட்ல விழும்.

இந்த வருஷம் ஜூன்ல ஷிரா வந்தா.

முகத்தச் சுளிக்காதீங்க. இப்ப அவ பேரக் கேட்டா உங்களுக்கு அப்படித்தான் இருக்கும். அப்ப உங்களுக்கு அவள ரொம்பப் பிடிச்சுது.

அதே ஏரி, அதே பிக்னிக். நாங்க ரெண்டு பேரும் வழக்கம் போல வெறும் குச்சியோட நிக்கறோம். அது எங்களுக்கு ஒரு சடங்கு மாதிரி ஆயிடுச்சு, வருஷா வருஷம். புதுசா ஒரு பொண்ணு வந்து நின்னா, அவ கையிலயும் வெறும் குச்சி. ஆனா அவ எங்கள மாதிரி சும்மா நிக்கல ஆன்ட்டி. தோள்பையத் தொறந்து ஒரு பாக்கெட் எடுத்தா. ஹைலண்ட் பார்க்ல அவங்க ஆளுங்க, யூதங்க, நடத்தற கடையில வாங்கினதாம். இதுல எதுவும் பிரச்சனை இல்ல, பார்வேன்னு சொன்னா. நான் வாங்கித் திருப்பிப் பாத்தேன். வீகன்னும் போட்டிருந்துச்சு, மரவள்ளி மாவு, சர்க்கரை, அவ்ளோதான். குத்தம் சொல்ல ஒண்ணுமே இல்ல. இருந்திருக்கக்கூடாதான்னு இருந்துச்சு. ஸ்ம்ருதி அஞ்சு சாப்பிட்டா. மோவாயில எல்லாம் ஒட்டிக்கிட்டு, ஹஃப்சா, வேர் வாஸ் திஸ் ஆல் மை லைஃப்னு குதிக்கறா. நாலு வருஷமா நான் இல்லன்னு சொல்லிச் சொல்லிக் காப்பாத்தினத, அவ ஒரு நிமிஷத்துல இந்தான்னு குடுத்துட்டா.

பார்வேன்னா என்னன்னு ஸ்ம்ருதி கேட்டா. ஷிரா விளக்கமா சொன்னா. அவங்க வீட்ல பாலையும் மாமிசத்தையும் ஒண்ணா சமைக்கக்கூடாது, ஒண்ணா சாப்பிடக்கூடாது. ரெண்டுலயும் சேராதது இருக்குல்ல, அரிசி, பழம், எண்ணெய், அதுக்குப் பேர் பார்வே. எந்தப் பக்கமும் இல்லாததால எந்தப் பக்கத்தோடயும் சேத்துக்கலாம். பாக்கெட்லயே சின்னதா போட்டிருப்பாங்க. கோஷர்ங்கற வார்த்தை எனக்குத் தெரியும், எங்க மேனேஜர் ஒருத்தர் எந்தப் பேப்பர்ல கையெழுத்து விட்டுப்போனாலும் இது கோஷர் இல்லையேம்பாரு. அவரு பன்னிக்கறி சாண்ட்விச்ச மென்னுக்கிட்டே சொல்லுவாரு. முறைப்படி இல்லன்னு அர்த்தம், அவ்ளோதான். பார்வே எனக்குப் புதுசு. ஸ்ம்ருதிக்கும் புதுசு, அவ அத அப்படியே புடிச்சுக்கிட்டா. அம்மாவோட பத்து மாதிரியே இருக்குங்கறா, சாதம் தொட்ட கையால தயிரத் தொடக்கூடாதும்பீங்கல்ல, அது. மாமிசம் இல்லன்னு பாக்கெட் மேலயே போட்டுட்டா அப்புறம் பின்னாடி எதுக்குப் படிக்கணும்?

அதான் ஆன்ட்டி. பின்னாடி எதுக்குப் படிக்கணும்.

ஜூலையிலேர்ந்து வியாழக்கிழமை மூணு பேர். அவளும் ஷிராவும் முன்னாடி பேசிக்கிட்டே போவாங்க, நான் கார்ட் தள்ளுவேன். ஸ்ம்ருதி பாக்கெட்ட எடுப்பா, அந்தச் சின்ன வார்த்தையத் தேடுவா, இருந்தா போட்டுடுவா. நான் வாங்கித் திருப்பினா, ஹஃப்சா, இட்ஸ் பார்வே, கம் ஆன். ஷிராவுக்கு ஒரு செல்லப்பேர் வேற, ஷி. எனக்கு இத்தன வருஷத்துல ஒரு பேர் வெக்கல அவ. ஆகஸ்ட்ல பாக்கறேன், ஷிரா கழுத்துல பாத்த பச்சை ஸ்கார்ஃப் இவ கழுத்துல இருக்கு. நல்லாத்தான் இருந்துச்சு. நல்லா இல்லன்னு சொன்னேன்.

பேர் வெக்கலன்னு சொன்னேனா? வெச்சா, பொய் சொல்லக்கூடாது. ஒரு நாள் லஞ்ச்ல ஷிரா சொல்றா, அவங்க வீட்ல ஆளுங்களக்கூட பார்வேன்னு சொல்லுவாங்களாம். எந்தச் சண்டையிலயும் எந்தப் பக்கமும் பேசாம, காரமும் இல்லாம இனிப்பும் இல்லாம ஒருத்தர் இருப்பாங்கல்ல, சித்தப்பா ரொம்ப பார்வேம்பாங்களாம். ஸ்ம்ருதி மேஜையத் தட்டிச் சிரிச்சா. ஓ மை காட், தட்ஸ் ஹஃப்சா! ஷிரா சிரிக்கல ஆன்ட்டி, அதையும் சொல்லிடறேன். அவ என்னப் பாத்து, அப்படி இல்ல, நல்ல அர்த்தத்துலயும் சொல்லுவோம், எல்லார் கூடயும் ஒத்துப் போறவங்கன்னு மாத்திச் சொன்னா. நான் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன். டப்பாவ மூடிட்டு, அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் அதே சிரிப்போட இருந்தேன்.

அப்புறம் செப்டம்பர்ல அவள உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா. உங்களுக்கு ஞாபகம் இருக்கோ என்னமோ, எனக்கு இருக்கு. நான் ஹால் சோபாவுல இருந்தேன். பாலுக்கு ஒரு செட் பாத்திரம், மாமிசத்துக்கு ஒரு செட், ரெண்டு சிங்க்னு அவ சொன்னதும் உங்க முகம் இருக்கே, கோயில்ல கர்ப்பகிரகத் திரை விலகினப்ப நிக்கறவங்க முகம் மாதிரி ஆச்சு. வாம்மா வாம்மான்னு அவளச் சமையலறைக்குள்ள கூட்டிட்டுப் போனீங்க. உங்க பத்துப் பாத்திரம், தனியா தயிர் வைக்கற எடம், எல்லாத்தையும் காட்டினீங்க. அவ உங்க மேடையில சாஞ்சு நின்னு காபி குடிச்சா.

இல்ல, நீங்க என்ன ஒரு நாளும் உள்ள வராதன்னு சொன்னதில்ல. எங்க அம்மா ஊர்லேர்ந்து போன்ல கேட்டா, தங்கமான மனுஷின்னுதான் சொல்லுவேன். ஹாலுக்கே எல்லாம் கொண்டு வந்து குடுத்துடுவீங்க, எனக்கு எழுந்து வர்ற வேலையே வெக்க மாட்டீங்க. நாலு வருஷம். அவளும் கறி சாப்பிடறவதான் ஆன்ட்டி.

கோவிச்சுக்காதீங்க. உங்களக் குத்திக் காட்டறதுக்குச் சொல்லல. சரி, கொஞ்சம் அதுக்கும்தான்.

நவராத்திரி வந்துச்சு. ஸ்ம்ருதிக்கு ஒரு ஐடியா. மார்ஷ்மெல்லோவ நெய்யில உருக்கி, பொரியப் போட்டு உருட்டினா பொரி உருண்டை. சரஸ்வதி பூஜைக்குப் பொரியும் ஆச்சு, இங்க பொறந்த பசங்களுக்கும் பிடிக்கும். நீங்க முதல்ல கேட்டீங்க, அதுல என்னம்மா இருக்குன்னு. அவ பார்வேம்மா, ஷிரா சொன்னான்னா. நீங்க ஷிரா சொன்னா சரின்னீங்க. அப்ப நானும் அங்கதான் கொலுப்படிக்குத் துணி விரிச்சுக்கிட்டிருந்தேன்.

புதன்கிழமை அவளுக்கு மீட்டிங். அதனால ஹைலண்ட் பார்க் கடைக்கு நான் போனேன். போன்ல சொன்னா, நாலு பாக்கெட், பார்வேன்னு போட்டிருந்தா போதும், எடுத்துட்டு வந்துடு, ப்ளீஸ் பின்னாடி நின்னு படிச்சுக்கிட்டிருக்காத, யூ டேக் ஃபாரெவர். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். அவ எண்பது உருண்டை புடிச்சா. நீங்க வெள்ளித் தட்டுல அடுக்கி அம்பாளுக்கு முன்னாடி வெச்சு நைவேத்யம் பண்ணீங்க. வந்தவங்க எல்லாரும் கேட்டுக் கேட்டு வாங்கினாங்க. உங்க சாந்தாமணி மாமி பேத்திக்குன்னு நாலு மடிச்சு எடுத்துக்கிட்டாங்க. நானும் ரெண்டு சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு, நெய் வாசனையோட.

மூணு நாள் கழிச்சு நான் வந்தப்ப, மிச்சமிருந்த பாக்கெட் உங்க வீட்டு மேஜையில கெடந்துச்சு. எடுத்துத் திருப்பினேன். ஸ்ம்ருதி, இதுல மீன் ஜெலட்டின்னு போட்டிருக்குன்னேன். அவங்க முறையில மீன் மாமிசம் கெடையாது, முட்டையும் கெடையாது, ரெண்டுமே பார்வேலதான் வரும். ஷிராவுக்கு அது அ ஆ மாதிரி. பொறந்ததுலேர்ந்து பாலா மாமிசமான்னு பிரிச்சுப் பழகினவ, நடுவுல மீனுக்கு ஒருத்தி அழுவாள்னு அவளுக்கு எப்படித் தோணும்? ஸ்ம்ருதி மேஜை பக்கத்து நாற்காலியிலயே உக்காந்து அழுதா. நீங்க குளிச்சீங்க. பூஜை பண்ற வாத்தியார ஜூம்ல கூப்பிட்டு, வீட்டுத் தீட்டுப் போகப் புண்யாகவாசனம் பண்ணீங்க, அங்கிள் லேப்டாப்பக் கையில தூக்கிக்கிட்டு ரூம் ரூமா நடந்தாரு. அப்புறம் நீங்க ஒண்ணு பண்ணீங்க. வந்த முப்பத்தெட்டு பேருக்கும் நீங்களே போன் போட்டு, எங்க வீட்ல இப்படி ஒரு தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னீங்க. மறைச்சிருக்கலாம், யாருக்கும் தெரியாது. நான் அந்த ஹால் சோபாவுல உக்காந்து முப்பத்தெட்டையும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில சொன்னீங்க, நல்ல வேளை எங்க ஹஃப்சா பாத்துச் சொன்னா.

எங்க ஹஃப்சா. அத நான் முப்பத்தெட்டு தடவ கேட்டேன் ஆன்ட்டி.

ஸ்ம்ருதி ஷிராவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினா. அதுல இருந்ததச் சொல்ல மாட்டேன். ஸ்கார்ஃப ஷிராவோட ஆபீஸ் மேஜையில வெச்சுட்டு வந்துட்டா. ஹைலண்ட் பார்க்ல ரெண்டு பேரும் சேந்து வீடு பாத்து வெச்சிருந்தாங்க, டிசம்பர்ல போறதா இருந்தாங்க. உங்களுக்குத் தெரியாது. எனக்கும் சொல்லல, அவ போன் ஸ்க்ரீன்ல பாத்தேன், கொலுவுக்கு ஒரு வாரம் முன்னாடி. அது இல்லன்னு ஆயிடுச்சு. வியாழக்கிழமை திரும்ப ரெண்டு பேர். இஸ் திஸ் ஓகே, ஹஃப்சா? போன வாரம் அவளே கேட்டா, உன் அபார்ட்மெண்ட்ல இன்னொரு ரூம் காலியாத்தான இருக்குன்னு.

அதான் இந்தப் பெட்டிங்க.

இப்ப கீழ கார்லேர்ந்து எறங்கறப்ப நீங்க சொன்னீங்க, அந்த ஷிரா முந்தாநாள் வீட்டு வாசல்ல வந்து நின்னா, பழக்கூடை கொண்டு வந்தா, நான் கதவே தொறக்கலன்னு. உள்ள வந்ததும் தீப்பெட்டிய என் கையில குடுத்து, நீயே ஏத்தும்மா, எங்க வீட்டு மானத்தக் காப்பாத்தினவ நீன்னீங்க. கேஸ் அடுப்புக்கு இங்க தீப்பெட்டி வேண்டாம் ஆன்ட்டி, திருகினாப் போதும். ஆனா எனக்காக ஊர்லேர்ந்து வந்த தீப்பெட்டி எடுத்துட்டு வந்தீங்க. பழக்கூடையோட அவ எவ்ளோ நேரம் நின்னா?

கால் மணி.

நவம்பர் குளிர்ல கால் மணி.

சரி. கதையில கடைசியா ஒண்ணு பாக்கி. நான் காத்துக்கிட்டே இருந்தேன், யாராவது கேப்பாங்கன்னு. ஸ்ம்ருதி கேப்பா, இல்ல நீங்க கேப்பீங்க, முப்பத்தெட்டு பேர்ல ஒருத்தராவது. பின்னாடி படிக்காம ஜெலட்டின் இருக்கற எதையும் நான் வாயில வைக்க மாட்டேன்னு எல்லாருக்கும் தெரியும். இந்த நாட்டுக்கு வந்ததுலேர்ந்து வெச்சதில்ல, பசியில வெச்சதில்ல, பிறந்தநாளுக்கு வெச்சதில்ல. அன்னிக்கு நான் ரெண்டு உருண்டை சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன்னு யாருமே கேக்கல.

மீன் எனக்கு ஹலால் ஆன்ட்டி.

ஆமா. கடையிலயே படிச்சுட்டேன். பக்கத்துத் தட்டுலயே அந்த மரவள்ளிப் பாக்கெட்டும் இருந்துச்சு, ஷிரா வாங்கினது, அதுலயும் பார்வேன்னுதான் போட்டிருந்துச்சு. அத எடுத்துக் கூடையில போட்டேன், நாலு. அப்புறம் எடுத்துத் திரும்ப வெச்சுட்டு இந்த மீன் ஜெலட்டின் பாக்கெட்ட எடுத்தேன். அவ சொன்னத நான் மீறல. பார்வேன்னு போட்டிருந்தா போதும்னா. நீங்க தட்ட அம்பாள் முன்னாடி வெக்கறப்ப வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

ஆன்ட்டி.

திட்டுங்க.

பாத்திரமா? எடுத்துக்கோங்க, நீங்க கொண்டு வந்ததுதான். பால்? வேண்டாமா. சரி.

ஷிரா நம்பரா? குடுக்கறேன். ஆனா இப்பப் பண்ணாதீங்க, இன்னிக்கு சனிக்கிழமை, அவங்களுக்கு ஓய்வு நாள், போனத் தொட மாட்டா. பொழுது சாஞ்சு வானத்துல நட்சத்திரம் தெரியணும், அப்புறம்தான் எடுப்பா. எடுத்தா, பார்வே என்னன்னு அவ தப்பாச் சொல்லலன்னு சொல்லுங்க. அவ சொன்னது சரிதான்னு.

கீழ ஸ்ம்ருதி கார் மாதிரி இருக்கு. நீங்க சொல்லிடாதீங்க ஆன்ட்டி, நானே சொல்றேன். கதையா இல்ல, நேராவே. அவ மேல வர விரும்பினா.

பெட்டிய நான் எறக்கி வெக்கறேன், நீங்க தூக்காதீங்க. கதவ விடுங்க, நான் சாத்திக்கறேன். மெதுவா, ஆன்ட்டி. மூணாவது படி ஆடும்.